இரண்டு அம்மாக்களுக்கு எடுத்த பாலிசி: மூன்று வருடம் கட்டிய பிறகு

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஏஜென்ட் அண்ணன் மனசு கஷ்டப்படும். தவிர, நான் சொல்ல வரும் குறைகளில் பாதி அந்தக் கம்பெனியுடையதே இல்லை.

எடுத்தது மூத்த குடிமக்களுக்கான மருத்துவக் காப்பீடு. எங்கம்மாவுக்கு ஒன்று, என் மாமியாருக்கு, அதாவது அத்தைக்கு, ஒன்று. தலைக்கு 5 லட்சம். ரூம் வாடகை ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் வரைதான். எந்த க்ளெய்ம் போட்டாலும் 20 சதவீதம் நம் கையிலிருந்து போக வேண்டும், அதற்குப் பெயர் கோ-பே. 2022 டிசம்பரில் எடுத்தேன். 2025 டிசம்பரில் மூன்றாவது முறையாகப் புதுப்பித்தேன். அம்மாவுக்கு இப்போது 71, அத்தைக்கு 69.

நான் திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீட்டுக்காரர் கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் அடிக்கிற சின்ன பிரஸ் வைத்திருக்கிறார். மில்லில் எங்கள் எல்லோருக்கும் குரூப் பாலிசி உண்டு. நான், அவர், பையன், மூவருக்கும் சேர்த்து 2 லட்சம். வயசானவர்களுக்கு அதில் இடமில்லை. அதனால்தான் இந்தத் தனிப் பாலிசி.

வாங்கும்போது ஏஜென்ட் அண்ணன் சொன்ன முதல் காரணம் நோய் இல்லை, வரி. “80டி-ல கழிச்சுக்கலாம்மா, பெரியவங்களுக்கு 50,000 வரைக்கும்” என்றார். உண்மைதான். 80டி என்பது மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை வருமானத்தில் கழித்துக்கொள்ள விடுகிற வருமான வரிச் சட்டப் பிரிவு. பழைய வரி முறையில் தனக்கும் கணவன் மனைவி பிள்ளைகளுக்கும் 25,000 வரை, 60 வயது தாண்டிய பெற்றோருக்குத் தனியாக 50,000 வரை கழிக்கலாம். பணமாகக் கட்டக் கூடாது, வங்கி வழியாகப் போக வேண்டும். அந்த வருடம் அம்மாவுக்குக் கட்டியது 28,320 ரூபாய். நான் 20 சதவீத அடுக்கில் இருந்தேன், செஸ் சேர்த்து 20.8. வரியில் 5,890 ரூபாய் குறைந்தது. சந்தோஷம்.

அத்தைக்கும் நானேதான் கட்டினேன், என் சம்பளக் கணக்கிலிருந்து. அதற்கு ஒரு பைசா கழியாது. 80டி-ல் ‘பெற்றோர்’ என்றால் வரி கட்டுகிறவருடைய அப்பா அம்மா மட்டும்தான். மாமனார் மாமியார் அந்த வார்த்தைக்குள் வர மாட்டார்கள். பதினெட்டு வருடமாக ஒரே அடுப்பில் சாப்பிடுகிறோம் என்று வருமான வரி இலாகாவிடம் சொல்ல முடியுமா? அத்தையின் மகன், அதாவது வீட்டுக்காரர், கட்டினால் கழிக்கலாம். ஆனால் அவருடைய பிரஸ் வருமானத்துக்கு வரியே வராது. கழிக்க எதுவும் இல்லாதவருக்குக் கழிவு உரிமை. சட்டப்படி எல்லாம் சரி, கையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

இதே கதை ரேஷன் கார்டில் தலைகீழ். அத்தை எங்கள் கார்டில் இருக்கிறார். அம்மாவுக்கு, அப்பா இறந்த பிறகு, வேடசந்தூரில் தனிக் கார்டு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 என்று இருந்ததை உயர்த்தினார்கள். அம்மாவுக்கு வருவது முன்வாசல் கடை வாடகை மட்டும். விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் இருக்கிற காப்பீட்டுக் கவுன்டரில் கொடுத்ததும் வருடத்துக்கு 5 லட்சம் கவர் ஆகிவிட்டது, பிரீமியம் கிடையாது. அத்தைக்கு அது கிடைக்காது, காரணம் என் சம்பளம். அந்தத் திட்டத்தின் விதிப்படி ரேஷன் கார்டில் பெயர் இருந்தால் அந்தக் குடும்பத்து ஆள் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ஆக, வரிக்கு அம்மா என் குடும்பம், அத்தை இல்லை. ரேஷனுக்கு அத்தை என் குடும்பம், அம்மா இல்லை. இந்தப் பாலிசியை மட்டும் எடுத்துப் பார்த்து மார்க் போட முடியாததற்கு இதுதான் காரணம். இது எந்த ஓட்டையை அடைக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது.

முதலில் அம்மா. 2024 மார்ச்சில் நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கிறது என்றார். எடுத்துப் பார்த்ததில் ஒரு குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும். பாலிசி எடுக்கும்போதே பிபி இருப்பதை மறைக்காமல் எழுதியிருந்தேன் (தயவுசெய்து எல்லோரும் எழுதுங்கள், மறைத்தால் பிறகு அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்). ஏற்கனவே இருக்கிற நோய்க்கும் அதனால் வரும் சிக்கலுக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. இப்போது அது அதிகபட்சம் மூன்று வருடம், முன்பு நான்கு. எங்களுக்கு அப்போது பதினைந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஏஜென்ட் அண்ணன் போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கவர்மென்ட் கார்டு இருக்குல்லம்மா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே பதில் இருந்தது.

இருந்தது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று வந்தபோது அப்பா வாங்கி வைத்த பழக்கம். 2011-ல் ஆட்சி மாறியது, 2012-ல் பெயரும் மாறியது, புது அட்டை. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைத்தார்கள். அட்டையில் படங்கள் மாறிக்கொண்டே இருந்தன, அப்பா ஒவ்வொரு முறையும் போய் வரிசையில் நின்று புதுசு வாங்கி அதே பிளாஸ்டிக் கவரில் வைப்பார். அந்தக் கவர்தான் அன்றைக்கு உதவியது. மதுரையில் அரசு மருத்துவமனையில் ஒன்பது நாள். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தேன், கொசு, இரவெல்லாம் ஸ்ட்ரெச்சர் சத்தம். ஸ்டென்ட்டுக்கு நாங்கள் கட்டியது பூஜ்யம். பஸ், சாப்பாடு, வெளியில் வாங்கிய ஒன்றிரண்டு சாமான் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் ஆகியிருக்கும். நான் பிரீமியம் கட்டிய பாலிசி அந்த ஒன்பது நாளும் பீரோவில் தூங்கியது.

அடுத்தது அத்தை. இங்கேதான் பாலிசி வேலை செய்தது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

2025 ஆகஸ்டில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பருகே தொடை எலும்பு முறிந்தது. விபத்துக்குக் காத்திருப்பு எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரிக் கவுன்டரில் இருந்த பெண் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “தனி ரூம் 5,500, இல்லைன்னா 4,500-ல் இரண்டு பேர் ரூம்” என்றார். அத்தை வலியில் முனகிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் என்னைக்கூடப் பார்க்காமல் “தனி ரூமே போடுங்க” என்றார். வரம்பைவிட ஒரு நாளைக்கு 500 ரூபாய்தானே கூட என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். கணக்குப் பார்க்கிற வேலையில் இருந்துகொண்டு நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

நான்காம் நாள் பில் 2,18,000. ரூம் 22,000. அதற்கு ஜிஎஸ்டி 1,100. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து, நர்சிங் எல்லாம் சேர்த்து 1,10,000. உள்ளே வைத்த இம்ப்ளான்ட், மருந்து, ஸ்கேன் 78,000. கையுறை, கவுன், பஞ்சு வகையறா 6,900.

கம்பெனி கணக்குப் போட்ட விதம் இது. ரூமுக்கு 5,000 வீதம் 20,000 மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நாம் 5,500 ரூபாய் ரூமில் இருந்ததால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டினார்கள். 1,10,000 ஒரு லட்சம் ஆயிற்று. இம்ப்ளான்ட்டையும் மருந்தையும் இப்படி வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது, அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். கையுறை பஞ்சுக்குக் கிடையாது. ஜிஎஸ்டிக்கும் கிடையாது. மிச்சம் 1,98,000-ல் கோ-பே 39,600 போக, அவர்கள் கொடுத்தது 1,58,400. எங்கள் கையிலிருந்து 59,600.

அந்த 1,100 ரூபாய் ஜிஎஸ்டி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆஸ்பத்திரி சிகிச்சைக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் 2022 ஜூலை 18-லிருந்து, ஐசியு அல்லாத ரூமின் வாடகை ஒரு நாளைக்கு 5,000-ஐத் தாண்டினால் 5 சதவீதம் உண்டு. தாண்டின 500-க்கு மட்டுமில்லை, முழு வாடகைக்கும். 4,500 ரூபாய் ரூமில் இருந்திருந்தால் அந்த வரியும் இல்லை, வெட்டும் இல்லை. டாக்டர் ஃபீஸ் அதே அளவு என்று வைத்துக்கொண்டாலும் எங்கள் கையிலிருந்து 48,100 போயிருக்கும். அந்த ரூமைவிட தினம் ஆயிரம் ரூபாய்தான் கூட இருந்த தனி ரூம் மொத்தத்தில் 11,500 ரூபாயைத் தின்றுவிட்டது. அத்தைக்கு இது இன்னும் தெரியாது. தெரிந்தால் அந்த ரூமில் ஏசி வேலை செய்யாததையும் சேர்த்து வருடக்கணக்கில் சொல்லுவார்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு இன்னொரு கூத்து. காலை 11 மணிக்கு டாக்டர் போகலாம் என்றார். கம்பெனியிலிருந்து ஒப்புதல் வர மாலை ஆறரை. “ஆறு மணியைத் தாண்டிட்டதால இன்னொரு நாள் வாடகை வரும்” என்று பில்லிங்கில் இருந்த பையன் சொன்னான். டிஸ்சார்ஜ் ஒப்புதலைக் கம்பெனி மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் ஆகிற செலவு கம்பெனியுடையது என்று காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ 2024-ல் சுற்றறிக்கை போட்டிருக்கிறது. போனில் அதை எடுத்துக் காட்டினேன். அந்தப் பையன் உள்ளே போய்விட்டு வந்து, “சரிங்க மேடம், போடல” என்றான். அவ்வளவுதான், சண்டையெல்லாம் இல்லை. அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

இனி வரி. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பு 18 சதவீதம். டிவியில் பார்த்த அன்றைக்கே அத்தை, “அப்ப நமக்கு எவ்வளவு கொறையும்?” என்றார். பேப்பரில் எழுதிக் காட்டினேன். 2024 டிசம்பரில் இரண்டு பேருக்கும் அடிப்படை 58,000, ஜிஎஸ்டி 10,440, ஆக 68,440. ஜிஎஸ்டி போனால் 58,000 என்றேன்.

டிசம்பரில் வந்த நோட்டீஸில் 62,640 என்று இருந்தது. அடிப்படையை 8 சதவீதம் ஏற்றிவிட்டார்கள். மூத்த குடிமக்களுக்கு ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் ஐஆர்டிஏஐயைக் கேட்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. 8 அதற்கு உள்ளேதான். ஆக 10,440 ரூபாய் வரி போனதில் 5,800 எங்களுக்கு வந்தது, 4,640 பிரீமியம் ஏற்றத்தில் கரைந்தது. ஏற்றம் எப்படியும் வந்திருக்கும் என்று வாதிடலாம், வருடா வருடம் வயசு ஏறுகிறதே. இன்னொரு காரணமும் உண்டு. நம் பிரீமியத்துக்கு வரி இருந்தபோது, கம்பெனி தான் கட்டும் வாடகை, சாஃப்ட்வேர், கமிஷன் இதற்கெல்லாம் கொடுத்த ஜிஎஸ்டியை அதில் கழித்துக்கொள்ளும். இப்போது விலக்கு என்று ஆகிவிட்டதால் கழிக்க இடமில்லை, அது செலவாக நிற்கிறது. அதில் ஒரு பகுதியை ஏஜென்ட்களின் கமிஷனுக்குள் தள்ளிவிட்டார்கள். “கமிஷன்ல கை வெச்சுட்டாங்கம்மா” என்று அண்ணன் இந்த முறை டீகூடக் குடிக்காமல் போனார். மில்லின் குரூப் பாலிசிக்கு இந்த விலக்கு இல்லை, அதற்கு இன்னும் 18 சதவீதம்தான். எங்கள் முதலாளிக்கு அதைச் சொன்னபோது முகத்தைப் பார்க்க வேண்டும்.

இருந்தாலும் இந்த ஜிஎஸ்டி விலக்கில் எனக்குப் பிடித்த ஒன்று, அது யாருடைய அம்மா என்று கேட்கவில்லை. அத்தையின் பிரீமியத்திலும் அதே அளவு குறைந்தது. பெயருக்குப் பெரிதாக இருந்த 80டி கழிவோ இப்போது எனக்கு ஒன்றுமில்லாமல் போனது. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி வராது. என் சம்பளம் அதற்கு வெகு கீழே. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் புதிய முறையில் 80டி கிடையாது, அதனால் ‘வரிக்காக பாலிசி’ என்கிற பேச்சு என்னைப் போன்றவர்களுக்கு முடிந்தது. மில்லில் இரண்டு பேர் அந்தக் காரணத்துக்காகவே அப்பா அம்மா பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். வரி இல்லை, அப்புறம் எதுக்கு என்கிறார்கள். காத்திருப்புக் காலமெல்லாம் முடிந்த பாலிசி அது. விட்டால் திரும்ப முதலிலிருந்து. சொல்லிப் பார்த்தேன்.

இன்னொரு விஷயம் போகிற போக்கில். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், பெண் தொழிலாளியின் குடும்பம் என்பதில் அவரைச் சார்ந்திருக்கும் மாமனார் மாமியாரையும் சேர்த்திருக்கிறார்கள். ஆக டெல்லியிலேயே தொழிலாளர் சட்டத்துக்கு அத்தை என் குடும்பம், வருமான வரிக்கு இல்லை. இரண்டு பேரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் தேவலை.

அம்மாவின் கார்டை எங்களோடு சேர்த்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். சேர்த்தால் காப்பீட்டு அட்டை போய்விடும். 2023 செப்டம்பரிலிருந்து வருகிற மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் போய்விடும், அதற்கும் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு கார்டுக்கு ஒரு பெண்தான். அதனால் அம்மா வேடசந்தூரிலேயே இருக்கிறார். மாதம் பாதி நாள் இங்கே வந்தாலும் ரேஷனுக்குக் கைரேகை வைக்க பஸ் ஏறிப் போய்விடுவார். “உன் வீட்டுல இருந்தா நான் பணக்காரி, என் வீட்டுல இருந்தா ஏழை” என்று சிரிப்பார்.

இனி மார்க். பாலிசிக்கு ஐந்துக்கு மூன்று. அத்தை விஷயத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுத்தது சின்ன விஷயமில்லை, அந்த மாதம் நகை அடகுக்குப் போகாமல் தப்பித்தது. கோ-பே 20 சதவீதம் அதிகம், ரூம் வாடகை வரம்பு பழைய காலத்துக் கணக்கு. அரசு அட்டை கிடைக்கிறவர்கள் முதலில் அதை வாங்குங்கள். அது கிடைக்காமல், கம்பெனி பாலிசியிலும் பெரியவர்களுக்கு இடமில்லாத எங்களைப் போன்ற நடுவில் மாட்டினவர்களுக்கு இது தேவை. வாங்கும்போது ரூம் வரம்பு இல்லாத பாலிசியாகக் கேளுங்கள், பிரீமியம் கூட இருந்தாலும் பரவாயில்லை. கவுன்டரில் நிற்கும்போது வீட்டுக்காரரைப் பேச விடாதீர்கள்.

நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பது வேறொன்றுக்கு. அத்தைக்குச் சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதம் ஒருமுறை ஒரு பெண் வருவார், தோளில் பை, அதில் பிபி பார்க்கிற மெஷின், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற கருவி. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம், எங்கள் தெருவுக்கு எப்போது வந்தது என்று நினைவில்லை. மெட்ஃபார்மின், அம்லோடிபின் அட்டைகளைக் கொடுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். அரை மார்க் ஏன் குறைத்தேன் என்றால், சில மாதம் பத்து நாள் தள்ளிப்போகும், மாத்திரையின் கலர் மாறிவிடும். கலர் மாறினால் அத்தை சாப்பிட மாட்டார். “இது அந்த மாத்திரை இல்ல” என்று ஒரே பிடிவாதம். நான் அட்டையின் பின்பக்கம் பெயரைப் படித்துக் காட்ட வேண்டும்.

அத்தை விழுந்தபோது பார்த்துக்கொள்ள அம்மா வந்து இரண்டு மாதம் இங்கேயே தங்கினார். மாத்திரைப் பெண் வந்தபோது இரண்டு பேரும் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அத்தைக்குப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்து, “பாட்டி, உங்களுக்கு பிபி இருக்கா? கையக் கொடுங்க” என்றார். அம்மா, “நான் இந்த வீடு இல்லத்தா, என் கார்டு வேடசந்தூர்” என்றார். அந்தப் பெண் அதற்குள் பட்டையைச் சுற்றிக் காற்று ஏற்றிவிட்டார்.

150-க்கு 90. அடுத்த மாதம் அம்மாவுக்கும் சேர்த்து மாத்திரை கொண்டுவந்தார்.